மண் இறுகிய வாரம்

கிரிஜாவும் கஜீவனும் தை மாதம் ஒன்றில் கோப்பாயில் கலியாணம் செய்தார்கள். மூன்றாம் கிழமையே அவள் மெல்பேர்ணில் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. அவனுக்கு விசா கிடைக்க ஒன்றரை வருடம் பிடித்தது. ஓகஸ்ட் குளிரில் அவன் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் நின்றவளை ஒரு கணம் மட்டுக்கட்ட முடியவில்லை. மெலிந்திருந்தாள். தலைமயிரைத் தோளுக்கு மேலே வெட்டியிருந்தாள்.

"பயணம் எப்பிடி?" என்று கேட்டாள்.

"பறவாயில்லை," என்றான்.

கார் கிளேட்டனில் அவள் இருந்த வீட்டுக்கு வந்து சேரும்வரை ஹீட்டர் மட்டுமே இரைந்துகொண்டிருந்தது.

தொலைபேசியில் அவர்கள் இப்படி இருக்கவில்லை. கிளிநொச்சியில் வங்கி வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அவன் அழைப்பான். மெல்பேர்ணில் அது அவள் படுக்கப்போகும் நேரம். வங்கிக்கு வந்து சண்டை பிடித்தவர்களைப் பற்றி அவன் சொல்வான். சிட்னியிலிருந்து தன் அம்மா போனில் ஏசியதை அவள் நடித்துக் காட்டுவாள். இரண்டு பேரும் சிரித்து முடிக்க அரைமணி போயிருக்கும். ஆனால் அவன் வருவதற்கு முந்திய ஜூன் நடுப்பகுதியில், அவள் வேலைக்காகப் பின்லாந்தின் வடக்கே நின்ற நாட்களில், கதை சட்டென்று குறைந்துபோனது. "களைப்பா இருக்கு. பேந்து எடுக்கிறன்," என்பாள். எடுக்கமாட்டாள்.

கஜீவன் காரணம் கேட்கவில்லை. முப்பத்தேழு வயதுவரை தனியாக இருந்து கலியாணம் கட்டியவன். ஆற அமர யோசித்துப் பார்த்தபோது அவளுக்கு இந்தக் கலியாணம் பிழையாகப் பட்டிருக்கும் என்று தனக்குள்ளேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அந்தப் பயத்தோடுதான் விமானம் ஏறினான்.

கிரிஜாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. வட ஐரோப்பாவின் பாட்டுக் குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் வாரங்களில் அடிக்கிற குளிரும் மழையும் வெயிலும், எத்தனை குஞ்சைப் பறக்கவிடுகின்றன, எத்தனையைக் கூட்டோடு முடிக்கின்றன என்பதுதான் அவளுடைய பாடம். வருடத்தில் இரண்டு மாதம் பின்லாந்துக் காட்டில் மரங்களில் கட்டிய பெட்டிகளைத் திறந்து பார்ப்பாள். மிச்ச மாதங்கள் கிளேட்டனில் அந்தக் கணக்குகளோடு கணினிக்கு முன்னால் இருப்பாள். காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவாள். வந்தால் சாப்பிடுவாள், கோப்பை கழுவுவாள், "நாளைக்கு என்ன பிளான்?" என்று மரியாதையாகக் கேட்பாள். அவன் அடுத்த நாள் வேலைக்கு அனுப்பப்போகிற விண்ணப்பங்களைப் பற்றிச் சொல்வான். அதோடு அன்றைய கதை முடியும்.

அவர்கள் இருந்தது ஒரு வரிசை யூனிட்டுகளில் கடைசி. குசினி யன்னலுக்கு வெளியே கூரைத் தாழ்வாரத்தில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன தொங்கு சட்டி ஒன்றில் பன்னச் செடி புதராக மண்டியிருந்தது. அதற்கு அப்பால் ஒரு துண்டுப் புல்வெளி, உடுப்புக் காயப்போடும் கம்பி, வேலியோரம் ஒரு எலுமிச்சை. ஒக்ரோபர் தொடக்கத்தில் ஒருநாள், தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்ற கஜீவன், மண்ணிறக் குருவி ஒன்று வாயில் காய்ந்த புல்லோடு அந்தப் பன்னத்துக்குள் நுழைவதைக் கண்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. பிறகு ஈரச் சேற்றோடு வந்தது. மத்தியானம் அவன் சோறு வைக்க மறந்துபோனான்.

இரவுச் சாப்பாட்டில் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். கிரிஜா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆண் குருவியையும் கண்டனீங்களோ? கறுப்போ?"

"ஓம், நல்ல கறுப்பு. வேலியில இருந்து பாடிக்கொண்டிருந்தது."

"சொண்டு?"

"மஞ்சள். மாம்பழ மஞ்சள்."

"பிளாக்பேர்ட்," என்றாள். முகத்தில் ஏதோ இளகியது. "அது இந்த நாட்டுக் குருவி இல்லை. என்ர குருவியளின்ர ஊர்ப் பக்கம்தான். வெள்ளைக்காரர் பாட்டுக் கேக்க ஆசைப்பட்டுக் கப்பலில கொண்டு வந்து விட்டவை."

கஜீவன் கொஞ்சம் யோசித்தான். "அங்க மே, ஜூனில முட்டை போடுற குருவி, இஞ்ச ஒக்ரோபரில போடுதே. மாசம் மாறினதை அதுக்கு ஆர் சொன்னது?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வந்து இரண்டு மாதத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அவனுக்குப் பட்டது.

"வெளிச்சம் சொல்லும். பகல் நீளத் தொடங்கினால் அதுகளுக்குத் தெரிஞ்சிடும். ஆனா வெளிச்சம் நேரம் மட்டும்தான் சொல்லும். அந்த வருசம் மழை எப்பிடி, குளிர் எப்பிடி எண்டு சொல்லாது. அதை நம்பித்தான் முட்டை போடோணும். மிச்சம் அதுகளின்ர அதிர்ஷ்டம்." பிறகு ஒரு கட்டளை போட்டாள்: "கிட்டப் போகாதேங்கோ. தொடாதேங்கோ. யன்னலுக்கு இஞ்சால நிண்டு பாக்கிறது மட்டும்தான்."

"சரி," என்றான்.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கதை இருந்தது. பெண் குருவி அசையாமல் அடைகாப்பதையும் அது கொஞ்சம் இறங்கிப் போன வேளையில் குசினிக் கதிரையில் ஏறிப் பார்க்க, பன்னத்துக்குள் நீலப்பச்சையாக நான்கு முட்டை தெரிந்ததையும் அவன் சொன்னான். அவள் கேட்டாள், திருப்பிக் கேட்டாள், சில வேளை சோற்றை அளைந்தபடியே நேரம் போவதை மறந்தாள். உடுப்புக் காயப்போட அவர்கள் பின்கதவைத் திறப்பதை நிறுத்தி, முன்னறையில் ஒரு கம்பி கட்டினார்கள். குருவிக் கதை முடிந்ததும் அவள் மறுபடியும் மௌனமாகிவிடுவாள். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்குப் போதுமாயிருந்தது.

மாதக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாளாக விடாமல் பெய்தது. தாழ்வாரத்திலிருந்து ஒழுகிய தண்ணீர் சட்டியின் விளிம்பில் தெறிக்க, பெண் குருவி இறக்கையை அகட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டில் இருந்தது. பின்லாந்தில் மழைதான் குஞ்சுகளைக் கொல்லும் என்று கிரிஜா ஒருமுறை சொன்னது கஜீவனுக்கு ஞாபகம். மூன்றாம் நாள் தாங்காமல் அவளுடைய வேலையிடத்துக்கே போன் எடுத்தான்.

"ஒரு குடையாவது கட்டிவிடட்டோ?"

மறுமுனையில் அவள் மெல்லச் சிரித்தாள். "வேண்டாம். மழை இதுக்கு நல்லது. நிலம் ஈரமானால் மண்புழு மேல வரும். இது மண்புழு தின்னுற குருவி. இதுக்கு இப்ப கொண்டாட்டம்."

"அப்ப அங்க மட்டும் ஏன் மழைக்குச் சாகுதுகள்?"

"அது வேற குருவி. ஈப்பிடிப்பான். ஆபிரிக்காவில இருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து குஞ்சு பொரிக்கும். பறக்கிற பூச்சியும் மரத்துப் புழுவும்தான் சாப்பாடு. குளிரும் மழையும் சேர்ந்து வந்தால் பூச்சி பறக்காது. தாய் குஞ்சுகளுக்கு மேல இருந்தால் அதுகளுக்குப் பசி. இரை தேடப் போனால் அதுகளுக்குக் குளிர். ரெண்டையும் ஒரே நேரத்தில செய்யேலாது."

"நீர் பெட்டியைத் திறந்து பாத்தால் அதுகள் கிடக்கும், என்ன?"

"ஓம்."

"பாத்துக்கொண்டு சும்மாவோ நிண்டனீர்? ஒரு புழுவாவது குடுத்திருக்கலாமே."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு, மனதில் வந்ததைச் சொன்னான். மறுமுனையில், "எனக்கு மீற்றிங் இருக்கு. வைக்கிறன்," என்ற குரல் கேட்டது.

அன்று அவள் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கணினி மேசைக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். குருவியைப் பற்றி அவன் ஏதாவது தொடங்கினால் "ம்ம்" என்றாள். எங்கேயோ பட்டுவிட்டது, எங்கே என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தான். எதற்கென்று தெரியாமல் கேட்டால் அது இன்னும் பிழைத்துப்போகும் என்று விட்டுவிட்டான்.

நவம்பரில் குஞ்சுகள் பொரித்தன. ரோமமில்லாத கழுத்தை நீட்டி நான்கு வாய்கள் மஞ்சளாகத் திறந்தன. அதை மட்டும் அவளிடம் சொன்னான். "நல்லது," என்றாள். ஆனால் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் யன்னலடியில் போய் நின்றதை ஈரத் தலையோடு வெளியே வந்தவன் கண்டான். கண்டும் காணாதவன்போல அறைக்குள் போனான்.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கிய வாரம் வெயில் ஏறியது. யாழ்ப்பாணத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று என்றால் மார்கழி, போர்வை, இருமல். இங்கே வடக்குக் காற்று பாலைவனத்தைக் கடந்து, அடுப்பு வாயைத் திறந்ததுபோல வந்தது. இரண்டு நாளில் புல் பழுப்பானது. மூன்றாம் நாள் நிலம் கல்லாக இறுகி, எலுமிச்சையடியில் வெடிப்பு விட்டது.

ஆண் குருவி காலை முழுக்கப் புல்வெளியில் ஓடியது. ஓடும், நிற்கும், தலையைச் சரித்து நிலத்தைக் கேட்கும், கொத்தும். ஒன்றும் வராது. வேறெங்கோ பறந்து போய் நெடுநேரம் கழித்து, எறும்பளவு எதையோ கொண்டு வரும். பெண் குருவி கூட்டு விளிம்பில் நின்று, சொண்டைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கையைக் குஞ்சுகளுக்கு நிழலாகப் பிடித்தது. நான்கு வாயில் ஒன்று மற்றவற்றைப்போல உயரவில்லை. தாய் வந்தாலும் கீழேயே கிடந்தது.

கஜீவன் யன்னலடியில் நின்று தவித்தான். எங்காவது ஆழமாகக் கிண்டினால் நாலு புழு கிடைக்கும். கதிரையைப் போட்டு ஏறினால் அந்த வாய்களுக்குள்ளேயே போடலாம். ஆனால் கிட்டப் போகாதேங்கோ என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் அவனிடம் இந்த வீட்டில் கேட்ட ஒரே விஷயம் அதுதான். அதை மீற அவனுக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் அவன் பக்கத்து வழியால் சுற்றிப் போய், தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து, கூட்டுக்கு முதுகைக் காட்டியபடி, புல்லுக்குத் தண்ணீர் பிடித்தான். நிலம் சீறிக்கொண்டு குடித்தது. அடுத்த நாள் விடியவும் பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானமும் பிடித்தான்.

அன்று வெயில் முப்பத்தெட்டைத் தாண்டியதால் கிரிஜா நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வழியால் தண்ணீர்ச் சத்தம் கேட்டு வந்தவள் கண்டது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் ஈரத் துவாய் போட்டுக்கொண்டு, எரிகிற வெயிலில் புல்லுக்குத் தண்ணீர் விடும் தன் கணவனை.

"என்ன செய்யிறீங்கள்?"

அவன் திடுக்கிட்டுத் திரும்ப, குழாய் அவள் காலை நனைத்தது. "நான் குருவியைத் தொடேல்லை," என்றான் அவசரமாக. "கிட்டவும் போகேல்லை. புல்லுக்குத்தான் விடுறன். நீர் புல்லுக்கு ஒண்டும் சொல்லேல்லைத்தானே."

கிரிஜா சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தொலைபேசியில் அவன் ஒன்றரை வருடம் கேட்ட அதே சிரிப்பு. அப்படியே பின்படியில் இருந்தாள். இருந்தவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அவன் குழாயைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் ஈரத் துவாயை நீட்டினான். அவள் அதை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"ஜூனில ஒரு கிழமை முழுக்க மழையும் பனியும்," என்றாள். "பொரிச்சு நாலஞ்சு நாள்தான். ஒவ்வொரு நாளும் போய்ப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குஞ்சாய் எடுத்து நிறுத்துத் திருப்பி வைக்கோணும். நிறை குறைஞ்சுகொண்டு வரும். பேந்து அசையாதுகள். ஒரு பெட்டியில தாய் செத்த குஞ்சுகளுக்கு மேல சூடு குடுத்துக்கொண்டு இருந்தது. நான் மூடியைத் திறந்தும் அது எழும்பேல்லை."

கஜீவன் அவளுக்குக் கிட்ட நகர்ந்து இருந்தான்.

"வேற ஆரோ வேலைக்கு வச்சிருந்த புழு ஒரு ரின்னில இருந்தது. ஒருநாள் அதைக் கோட்டுக்குள்ள வச்சுக்கொண்டு போனனான். குடுக்கேல்லை. ஒரு பெட்டிக்குக் குடுத்தால் முழுக் கணக்கும் பொய்யாப் போயிரும். இந்தக் குளிர் இதுகளை என்ன செய்யுது எண்டு உலகத்துக்குச் சொல்லத்தான் நான் அங்க போறன். குடுக்காமல் விட்டது சரி. இப்பவும் சரி எண்டுதான் சொல்லுவன். ஆனா அந்த ரின்னோட திரும்பி நடந்து வந்தது..." அவள் நிறுத்தினாள். "நீங்கள் போனில கேட்டது அதைத்தான்."

"எனக்குத் தெரியாது கிரிஜா."

"நான் சொன்னால்தானே தெரியும்."

காற்று எலுமிச்சை இலைகளைச் சுருட்டிக்கொண்டு போனது. அவன் சொன்னான்: "நான் நினைச்சன், உமக்கு இந்தக் கலியாணம் பிடிக்காமல் போட்டுது எண்டு."

அவள் துவாயை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "எப்பயிருந்து?"

"ஜூனில இருந்து. நீர் போன் எடுக்கிறதை விட்ட நாளில இருந்து."

"ஐயோ," என்றாள். "உங்கட குரலைக் கேட்டால் அழுதிடுவன் எண்ட பயத்தில எடுக்கேல்லை அப்பா. குருவி செத்ததுக்கு அழுகிற பொம்பிளையையோ கட்டினனான் எண்டு நினைப்பீங்கள் எண்டு."

அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள். ஊரில் அவனுடைய அம்மா அவனுடைய தகப்பனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். கஜீவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு அழாமல் வேற என்னத்துக்கு அழுகிறது?" என்றான்.

அப்போதுதான் கறுப்புக் குருவி வேலியிலிருந்து இறங்கியது. நனைந்த புல்லில் ஓடியது, நின்றது, தலையைச் சரித்தது. குனிந்து கொத்தியது. காலை உதைத்துக்கொண்டு பின்னால் இழுத்தது. ஒரு மண்புழு றப்பர்போல நீண்டு, அறாமல் வெளியே வந்தது. கிரிஜா கஜீவனின் கையைப் பிடித்தாள். குருவி கூட்டுக்குப் போய்த் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

"நடு வெயிலில விடாதேங்கோ, அவ்வளவும் ஆவியாப் போயிரும்," என்றாள், எழும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேலியோரம் நிழலில விடுங்கோ. எலுமிச்சைக்குக் கீழ சருகு கிடக்கு, அதுக்குள்ள ஈரம் நிக்கும்." அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாளியை எடுத்தாள்.

"இது உம்மட கணக்கைக் குழப்பாதோ?" என்று அவன் கேட்டான்.

"இது என்ர ஆராய்ச்சி இல்லை. இது எங்கட புல்லு."

இரண்டு நாள் காலையும் மாலையும் அவர்கள் தண்ணீர் பிடித்தார்கள். தலை உயராமல் கிடந்த அந்த ஒரு குஞ்சு பிழைக்கவில்லை. அடுத்த நாள் காலை அது சட்டிக்குக் கீழே கிடந்தது. கஜீவன் அதை ஒரு தாளில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கிரிஜா வந்து அதன் வயிற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"இது முதலே பிந்திப் பொரிச்சிருக்கும். நாங்கள் தொடங்க முதலே இதுக்கு இரை போதாமல் போட்டுது."

"ஒருநாள் முந்தி விட்டிருந்தால்?"

"தெரியாது. அது தெரியாது அப்பா." அவள் தாளை அவன் கையிலிருந்து வாங்கினாள். "மூண்டு இருக்கு. மூண்டு எண்டால் நல்ல வருசம்."

அன்று பின்னேரம் தெற்கிலிருந்து காற்றுத் திரும்பியது. மெல்பேர்ண் வெயில் அப்படித்தான், ஒரு கதவைச் சாத்தினதுபோல நின்றுவிடும். கால் மணித்தியாலத்தில் குளிர்ந்தது. இரவு மழை பெய்தது. அடுத்த கிழமை சனிக்கிழமை மூன்று குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டியிலிருந்து விழுந்ததுபோல இறங்கின. வால் முளைக்கவில்லை; பறக்கவும் தெரியாது. வேலியோரச் சருகுக்குள் ஓடி ஒளிந்துகொண்டு தாயைக் கூப்பிட்டன. கஜீவனும் கிரிஜாவும் குசினியில் இரண்டு கதிரையைப் போட்டு, பொழுதுபடும்வரை யன்னலை விட்டு நகரவில்லை. சமைக்கவில்லை. பாணும் சம்பலும் தின்றார்கள்.

"மேயில நான் திருப்பிப் போகோணும்," என்றாள் அவள்.

"தெரியும். நானும் வரலாமோ? கொஞ்ச நாளைக்கு."

"சரியான நுளம்பு. கூட்டமா வந்து கடிக்கும்."

"வன்னியில இருந்தவனுக்கு நுளம்பைச் சொல்லிப் பயப்படுத்துறீர்."

அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "போன ஜூன் மாதிரி வந்தால்? பாத்துக்கொண்டு நிக்கோணும். ஒண்டும் செய்யேலாது."

"பாப்பம்," என்றான் கஜீவன். "நீர் குருவியைப் பாரும். நான் உம்மைப் பாக்கிறன்."

தைப்பொங்கலுக்குப் பிறகு அவனுக்கு டண்டினோங்கில் ஒரு களஞ்சியசாலையில் வேலை கிடைத்தது. முதல் லீவை ஜூனுக்கு எடுத்தான். பின்லாந்தின் வடக்கே போய்ச் சேர்ந்த நான்காம் நாளே குளிர் இறங்கியது. இரண்டு நாள் மழைத் தூறலில் பனியும் கலந்து விழுந்தது. மூன்றாம் நாள் காலை அவர்கள் வெள்ளைப் பட்டை மரங்களுக்கு நடுவே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் பெட்டியில் எல்லாக் குஞ்சுகளும் அடங்கிப்போயிருந்தன. கிரிஜா ஏணியில் நின்றபடி அதைச் சொன்னாள், கஜீவன் எழுதிக்கொண்டான். இறங்கி வந்தவளுக்கு அவன் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். அவள் அழுதுகொண்டே குடித்தாள். மறைக்கவில்லை.

அடுத்த மரத்தடியில் அவன் ஏணியைச் சாத்திப் பிடித்தான். அவள் ஏறி, மூடியைத் திறக்க முன், காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டாள். கீழே நின்றவனுக்கு அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த முகம் விரிந்தது.

"கத்துதுகள் அப்பா," என்றாள். "நல்ல பசியில கத்துதுகள்."